ஹிராசாவாவை அனிமே இசையமைப்பாளர் என்று சுருக்காதீர்கள்

ஜப்பானிய இசைக்கலைஞர் சுசுமு ஹிராசாவா என்றால், "பாப்ரிகாவுக்கு மியூசிக் போட்டவர்தானே?" என்று கேட்கிறார்கள். அவரேதான். ஆனால் 2006-இல் அந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படம் வந்தபோது, மனிதர் முப்பது வருடத்துக்கு மேல் ராக் பாடி ஊறியிருந்தார்.

1973-இல் மாண்ட்ரேக் என்ற ப்ரோக்ரசிவ் ராக் குழு. 1979-இல் அது பி-மாடலாக மாறியது. சின்தசைசர், படபடக்கும் தாளம், எரிச்சலும் கிண்டலும் கலந்த குரல். டெக்னோபாப் என்று பெயர் கிடைத்ததும் அந்தப் பாணியையே உதறினார். 1988-இல் குழுவை 'உறைய' வைத்தார் (அதாவது நிறுத்திவைத்தார்), 1991-இல் 'உருக்கி' எடுத்தார் (மறுபடி தொடங்கினார்). குசும்பு பிடித்த ஆள்.

பாப்ரிகாவின் இயக்குநர் சதோஷி கோன் முதலில் அவருடைய ரசிகர். வழக்கமாகப் படத்தை எடுத்துவிட்டு இசைக்கு ஆள் தேடுவார்கள். கோனோ அந்தப் பாட்டுகளைக் கேட்டு ஊறிப்போய்ப் படம் எடுக்க வந்தவர். கோனின் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' (2001) பாருங்கள். நாயகி சியோகோ குதிரையில், ரிக்‌ஷாவில், சைக்கிளில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். காலம் மாறுகிறது, ஓட்டம் நிற்பதில்லை. ஹிராசாவா பாட்டும் அப்படித்தானே? அடியில் ஒரே சுழற்சி, மேலே குரல்கள் ஏறிக்கொண்டே போகும்.

பாப்ரிகாவின் ஊர்வலத்தில் ஃப்ரிட்ஜும் தவளைகளும் பொம்மைகளும் ஆடிக்கொண்டு வரும். கொண்டாட்டம் மாதிரி இருக்கும், வயிற்றைப் பிசையும். அந்த இசையில் வோகலாய்ட் என்ற மென்பொருள் பாடும் குரலும் உண்டு, அந்த மென்பொருளின் புகழ்பெற்ற குரலான ஹட்சுனே மிக்கு வருவதற்கு முந்தின வருடமே. கோனின் டிவி தொடரான 'பரனோயா ஏஜென்ட்' தொடக்கப் பாட்டு இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்தில்). அணுகுண்டுப் புகைக்கு முன்னால் நின்று சிரிக்கிறார்கள், பாட்டும் உற்சாகமாகக் கூடவே போகிறது.

குறையும் இருக்கிறது. 'பெர்சர்க்' அனிமேவுக்கு இசையமைத்த காலத்திலிருந்து அந்தப் பிரம்மாண்டக் கோரஸை அவர் விடுவதாயில்லை. நாலு ஆல்பத்தைச் சேர்ந்தாற்போல் கேட்டால் எனக்கே அலுத்துவிடும்.

ஆனால் 1999-இல் பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து, பாட்டை எம்பி3-ஆக இணையத்தில் கொடுத்தவர் அவர். அப்போது ஐட்யூன்ஸ்கூடக் கிடையாது! அது போக, சூரிய மின்சாரத்தில் ஆல்பம், பார்வையாளர்கள் முடிவெடுக்க அதற்கேற்பக் கதை நகரும் மேடை நிகழ்ச்சிகள். இதில் எதற்கும் அனிமே தேவைப்படவில்லை.

படங்கள் வழியாக வந்தவர்கள் அடுத்து பி-மாடலின் 1979 ஆல்பத்தைக் கேளுங்கள். முதல் தடவை பிடிக்காமல் போகலாம். எனக்கும் பிடிக்கவில்லை.