பன்னிரண்டு படங்கள் போதும்

120 எனப்படும் அகலமான சுருள் பிலிமில் படமெடுக்கும் கேமராக்கள் இனி அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டுமே என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அந்தக் கருத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் தரும் அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி கேமராவுடன் இன்றும் மயிலாப்பூர் குளக்கரைக்குச் செல்கிறேன். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் காட்சி இடவலம் மாறித் தெரிவதால், நடந்துபோகும் பூக்காரம்மாவைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பக் கை பழகுவதற்கே ஓராண்டு பிடித்தது. சென்ற மாதம், முடிந்த ரோலை நல்ல வெயிலில் வெளியே எடுத்தபோது பிலிமை வெளிச்சத்திலிருந்து காக்கும் சுற்றுக்காகிதம் தளர்ந்து, வெளிச்சம் புகுந்து, கடைசி இரண்டு படங்களின் ஓரங்கள் நெகட்டிவில் கறுத்துவிட்டன. அன்று மிகவும் வருந்தினேன். ஆனால் 35 மி.மீ. பிலிமைப் போல மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள அந்தச் சதுர நெகட்டிவில், படியில் அமர்ந்திருந்த பெரியவரின் வேட்டிக்கரை இழைகூடத் தெளிவாகப் பதிந்திருந்தது. அதற்காகவே அடுத்த ரோலையும் வாங்கி வைத்திருக்கிறேன்.