வார்பர்க் நோபல் பரிசு வாங்கியது சீனிக்காக அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்களின் வாட்சாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சீனிதான் புற்றுநோய்க்குக் காரணம் என்று கண்டுபிடித்து ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு வாங்கினார். சோற்றையும் சீனியையும் நிறுத்தினால் கட்டி பட்டினியால் செத்துவிடும்."

இது உண்மையல்ல. அந்த ஜெர்மன் விஞ்ஞானிக்குப் பரிசு கிடைத்தது, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதியின் தன்மையையும் அது செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்கு. புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை அதிகமாக இழுத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று 1920களில் அவர் காட்டியது சரிதான். புற்றுநோயைக் கண்டறிய உடலைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பல கட்டிகள் பளிச்சென்று தெரிவதும் குளுக்கோஸை அப்படி இழுப்பதால்தான். ஆனால் சோற்றை நிறுத்திக் கட்டியைக் கொல்ல முடியாது. நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடும். விட்டுத்தான் ஆகவேண்டும்: நம் இரத்தச் சிவப்பணுக்களில், ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு கிடையாது, அவை குளுக்கோஸை நம்பியே உயிர் வாழ்கின்றன. புற்றுநோய்ச் செல்களோ குளுட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு என்று மாற்று வழி தேடிக்கொள்ளும்.

தே தாரிக்கில் (நாம் குடிக்கும் பால் தேநீரில்) சீனியைக் குறைப்பது நல்லதுதான், அது நீரிழிவுக்காக. கீமோ எடுப்பவருக்குச் சோற்றை நிறுத்துவது வேறு விஷயம். எடை குறையும், தசை கரையும், சில சமயம் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டி வரும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவமனையின் உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.