கேமை பார்டர்லெஸ்ஸில் ஓட விடுங்கள்

மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் தெரிந்த பிள்ளைகளுக்குக் கணினி சரிசெய்து கொடுக்கப் போனால், கேம் செட்டிங்ஸில் ஃபுல் ஸ்கிரீனை எடுத்துவிட்டு பார்டர்லெஸ் (ஓரச் சட்டம் இல்லாமல் திரை முழுக்க விரியும் சாதாரண விண்டோ) வைத்துவிட்டுத்தான் வருவேன். பெரிய பையன்கள் உடனே "அண்ணா, லேக் வரும்" என்பார்கள், அதாவது பட்டனை அழுத்தியது திரையில் தெரியத் தாமதமாகுமாம். இந்தப் பயம் போக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, திறந்திருக்கும் விண்டோக்களையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் முறை வந்தது. விண்டோவில் ஓடும் கேமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றின் நேரம், பிந்தும். நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது சுமார் 17 மில்லி செகண்ட். ஆனால் இன்று நிலைமை வேறு. விண்டோஸ் 10இலேயே புதிய கேம்கள் பார்டர்லெஸ்ஸில் இருந்தபடி படத்தை நேராகத் திரைக்கு அனுப்ப முடியும். விண்டோஸ் 11இல் டைரக்ட்எக்ஸ் (கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருள்) 10, 11 கேம்களுக்கும் அந்த வசதி உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பக்கத்தில் போய் ஆன் செய்தால் போதும்.

அப்புறம், மொரீஷியஸில் உட்கார்ந்து ஐரோப்பா சர்வரில் ஆடினால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லி செகண்டைத் தாண்டிவிடுகிறது. நம்மை உண்மையில் தோற்கடிப்பது அந்தக் கடல் தூரம். அதை விட்டுவிட்டு ஒரு ஃபிரேமுக்காகச் சண்டை போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பல வீடுகளில் இருப்பது ஒரே கணினி. பாட்டி வீடியோ கால் பண்ணினால் எடுக்க வேண்டும், டீச்சர் அனுப்பியதைப் பார்க்க வேண்டும். ஃபுல் ஸ்கிரீனில் வேறு விண்டோவுக்கு மாற ஆல்ட்-டேப் அழுத்தினால் திரை கறுத்து, சில கேம்கள் அப்படியே நின்றே போகும். எடுக்காமலே விட்டுவிடுவது பிள்ளைக்குச் சுலபமாகிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு (கிளாஸ் 3) ஏறினால் எல்லோரும் வீட்டுக்குள்தான். பிள்ளைகள் ஆடட்டும், அடுத்த எச்சரிக்கை வந்ததா என்று நினைத்த நேரத்தில் பார்க்கவும் முடியட்டும். பார்டர்லெஸ்ஸில் அது ஒரு நொடி வேலை.

பழைய லேப்டாப் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். பார்டர்லெஸ் பொதுவாகத் திரையின் முழு ரெசல்யூஷனிலேயே ஓடும், சின்ன கிராஃபிக்ஸ் கார்டு திணறும். கேமுக்குள் ரெண்டர் ஸ்கேல் (கேம் படத்தை எவ்வளவு ரெசல்யூஷனில் வரைவது என்ற செட்டிங்) இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், சரி, அந்த ஒரு கேமை மட்டும் ஃபுல் ஸ்கிரீனில் 1280x720 வைத்து ஆடுங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் மவுஸ் வெளியே ஓடாமல் பூட்டும் ஆப்ஷனையும் ஆன் செய்துகொள்ளுங்கள்.