கல்யாணத்தில் எதை முழுசா விடலாம்?

கையில் இருக்கும் பணத்துக்குள் கல்யாணத்தை முடிக்க நினைக்கிறவர்கள் முதலில் செய்வது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைப்பது. மண்டபம் சுமாரானது, சமையல்காரர் மலிவானவர், பூ கம்மி, இலையில் இரண்டு ஐட்டம் கம்மி. கடைசியில் கணக்குப் பார்த்தால் செலவும் பெரிதாகக் குறைந்திருக்காது, வந்தவர்கள் கண்ணுக்கு எல்லாமே குறையாகவும் தெரியும். ஏதாவது ஒன்றை முழுசா தூக்கிவிடுங்கள், மிச்சத்தை மனசு நிறையச் செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. இல்லாத ஒன்றை யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அரைகுறையாக இருந்தால்தான் ஊர் பேசும்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அப்படித் தூக்க வேண்டியது முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன்.

சண்டைக்கு வராதீர்கள், முழுசாகப் படியுங்கள். காட்பாடியோ குடியாத்தமோ வாலாஜாவோ, இங்கே கூட்டம் வருவதே ராத்திரிக்குத்தான். ஆபீஸ் முடிந்து, கடை சாத்திவிட்டு வருவார்கள். வரிசையில் நின்று மேடை ஏறி, கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்துக்கு நெருங்கின சொந்தம் மட்டும். தாலி கட்டும் நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தால், துணி போர்த்தி ரிப்பன் கட்டிய நாற்காலிகள் காலியாக இருக்கும். எந்தச் சடங்குக்காக இத்தனையும் செய்கிறோமோ அதற்கு ஆள் இல்லை. ஆனால் செலவு? ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று வேளை. ராத்திரிக்கு ஒரு மேடை, அதைப் பிரித்துவிட்டு விடிவதற்குள் மணவறை. இரண்டு மேக்கப், இரண்டு செட் துணி, ராத்திரி தங்குகிறவர்களுக்கு ரூம், பாட்டுக் கச்சேரி, எல்இடி திரை. பேச்சுக்கு ஒரு இலை 250 ரூபாய் என்றும், ராத்திரிக்கு 500 பேர் என்றும் வைத்துக்கொண்டால் சாப்பாடு மட்டுமே 1,25,000 ரூபாய். மேடையைச் சேர்க்காமல் இது.

மண்டப வாடகை என்று ஒரு தொகையைச் சொல்வார்களே, அதை நம்பி உட்காரக் கூடாது. பில் வரும்போது வாடகை முதல் வரிதான். அதன் கீழே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கரண்ட் மீட்டர்படி தனி, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, கிளீனிங் தனி, ஏசி போட்டால் அது தனி, பாத்திரத்தில் ஒரு கரண்டி குறைந்தால் அதுவும் தனி. முதல் நாள் மதியம் சாவி வாங்கி மறுநாள் மதியம் கொடுப்பதால், இந்த மீட்டர் ஒரு ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், போன வாரம் யாருக்காவது போட்ட பில் நகலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட யோசிக்கிற மண்டபம் நமக்கு வேண்டாம்.

எங்கள் அக்கா மகள் கல்யாணத்தை மாசியில் இந்த முறையில்தான் செய்தோம். முகூர்த்தம் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோவிலில், மதியச் சாப்பாடு வேலூரில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. முடிவெடுத்த அன்றைக்கு வீட்டில் பெரிய கச்சேரி. அக்கா வீட்டுக்காரரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஏம்மா, ரிசப்ஷன் இல்லாம ஒரு கல்யாணமா? ஜனங்க இன்னா நினைக்கும்?”

“சாப்பாடு நல்லா இருந்தா நல்லபடியாதான் மாமா நினைப்பாங்க.”

“மொய் வராதும்மா.”

இதற்குத்தான் சுற்றி வளைத்தார் என்று எல்லாருக்கும் புரிந்தது. கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தது நான் இல்லை, மாப்பிள்ளையின் அப்பா. “ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா எங்க ஜனத்துக்கும் சௌகரியம் சம்பந்தி, ராத்திரி வண்டி பிடிச்சு ஊர் திரும்புற பாடு இல்ல” என்றார். மாப்பிள்ளை வீடு சொன்னால் மறுபேச்சு கிடையாதே! பெரிய மாமா அடுத்த நிமிஷமே சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. வர வேண்டிய மொய்யைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அதை நம்பிக் கைமாற்று வாங்கிச் செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மொய் என்பது நாம் செய்ததற்குத் திரும்பி வருவது, இல்லையென்றால் நாம் திரும்பிச் செய்ய வேண்டியது. இதில் லாபம் எங்கே இருக்கிறது? ஆனால் மொய் நோட்டு வேறு ஒரு விதத்தில் உதவும். யாரை விடவே கூடாது என்பதை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். “நெருங்கியவர்களை மட்டும் கூப்பிடுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், நம் ஊரில் அது நடக்கிற காரியமா? பத்திரிகை வைக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். நாங்கள் அக்கா வீட்டுக்காரரின் சொந்த ஊர் ஜனத்தை மண்டபத்துக்குக் கூப்பிடாமல், மறுவீட்டுக்கு அடுத்த ஞாயிறு ஊரிலேயே சாமியானா போட்டுச் சாப்பாடு போட்டோம். வேன் வாடகையும் மிச்சம், வயசானவர்களுக்கு அலைச்சலும் மிச்சம்.

அப்புறம் கோவில். “திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த மதிலையும் கல் மண்டபத்தையும் தாண்டியா ஒரு டெக்கரேஷன்காரர் அழகு செய்துவிடப் போகிறார்? பாலாற்றங்கரை ஊர், காலை வெயில் தூணில் விழுகிற நேரம், போட்டோக்காரருக்கு லைட் கூடத் தேவைப்படவில்லை. வள்ளிமலை, ரத்தினகிரி என்று நம்மைச் சுற்றி எத்தனை கோவில்! வள்ளி தினைப்புனம் காத்த மலையில், தேனும் தினைமாவும் பிரசாதமாகக் கொடுக்கிற ஊரில் தாலி கட்டிக்கொண்டு வர யாருக்குக் கசக்கும்? அறநிலையத் துறைக் கோவில் என்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் பதிய வேண்டும். வயதுச் சான்று, ஆதார், முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. சடங்கே வேண்டாம் என்கிறவர்களுக்குக் கோவிலும் வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவுப்படி சொந்தக்காரர்கள், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும். தாலி கட்டினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி. வீட்டு மாடியிலேயே செய்யலாம்.

ராத்திரிச் செலவு போனதும் மதியச் சாப்பாட்டைத் தாராளமாகச் செய்ய முடிந்தது. எங்களுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான். ஆனால் தாராளம் என்றால் ஐட்டத்தைக் கூட்டுவது என்று அர்த்தம் இல்லை. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் நண்பர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, ஏதாவது ஒரு இனிப்பு. அவ்வளவுதான். குறை சொல்லிக்கொண்டு திரும்பிய ஒருத்தரை நான் பார்த்ததில்லை. நம் சைவப் பந்தியில் மட்டும் ஏன் இருபத்தோரு வகை? பாதி இலையிலேயே கிடந்து மூடப்படுகிறது. கோபி மஞ்சூரியனுக்கும் பைனாப்பிள் கேசரிக்கும் நடுவில் சாம்பார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

நாங்கள் சமையல்காரரிடம் கறாராகப் பேசிவிட்டோம். நல்ல அரிசி, களம்பூர் மில் அரிசி. முருங்கைக்காய் சாம்பார், ஒரு காரக் குழம்பு, ரசம், கெட்டித் தயிர். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான், வேறு கத்திரிக்காய் கூடாது என்று சொல்லிவிட்டோம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் நம் மாவட்டத்தில் விளையும்போது கோபிக்கு எதற்குச் செலவு? இனிப்பு ஒன்றே ஒன்று, ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா. வெளியூர்க்காரர்கள் குலாப் ஜாமூன் என்று நினைத்துக் கடித்தார்கள். உள்ளே முந்திரியும் பாதாமும் தட்டுப்பட்டதும் இன்னொன்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். மூன்று இனிப்பு வைத்திருந்தால் இரண்டாவது முறை வைக்கக் கட்டுப்படியாகியிருக்குமா?

பந்தியில் நான் பார்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கக் கூடாது. பெரிய கல்யாணங்களில் இது சர்வ சாதாரணம். நாம் ரசத்துக்கு வந்திருப்போம், பின்னால் ஒருத்தர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நம் இலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிலையில் மோரை எப்படி நிதானமாகக் குடிப்பது? லட்சக்கணக்கில் செலவு செய்த கல்யாணத்திலும் விருந்தாளிக்கு மரியாதை அந்த இடத்தில் போய்விடுகிறது. மண்டபத்து வாசலில் ஒருத்தர், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒருத்தர் என்று அக்காவின் இரண்டு கொழுந்தன்களை நிறுத்தினோம். உள்ளே இடம் இருக்கும் அளவுக்குத்தான் ஆள் போகும். காத்திருந்தவர்களுக்கு வெளியே ஃபேன் போட்டு, நாற்காலி போட்டு, பானகம் கொடுத்தோம். இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் சொல்லுங்கள்?

இலைக் கணக்கையும் நம் ஆள் ஒருத்தர் பார்க்க வேண்டும். முன்னால் எத்தனை கட்டு வந்தது, முடிந்த பிறகு எத்தனை மிச்சம் என்று எழுதி வைத்தால், கடைசியில் “நானூறு இல்ல, ஐநூத்தி முப்பது” என்ற தகராறு வராது.

பூவுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. தையில் கல்யாணம் வைத்தால் பனிக்கு மல்லி வரத்து குறைந்திருக்கும், முகூர்த்த நாள் வேறு, வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். வைகாசியில் மல்லி மலிவு, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஏசி இல்லாமல் மாப்பிள்ளை மயங்கி விழுந்துவிடுவார். மல்லியில் மிச்சம் பிடித்ததை மின்சாரத்துக்குக் கட்டுவீர்கள். அதனால் தை, மாசியில் வைத்துவிட்டு, தலைக்கு மட்டும் மல்லி, மற்றதற்கெல்லாம் சாமந்தியும் சம்பங்கியும் மாவிலையும் வாழை மரமும் என்று போவதுதான் என் யோசனை. வாசலில் குலையோடு இரண்டு வாழை மரம், மாக்கோலம், குத்துவிளக்கு. தெர்மாகோல் அன்னப்பறவையை விட இது எத்தனையோ மேல். பிளாஸ்டிக் பூவில் செய்த வளைவுக்குக் கேட்கிற வாடகைக்கு நிஜப் பூவே வாங்கிவிடலாம் என்பது தனிக் கதை.

புடவைக்குக் காஞ்சிபுரம் வரை போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 1989 வரை நம் வடாற்காடு மாவட்டத்திலேயே இருந்த ஆரணி பக்கத்தில்தானே இருக்கிறது? ஆரணிப் பட்டு எடை கம்மி, விலையும் கம்மி. பெண் அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிற்கலாம், பிறகு வேறு கல்யாணங்களுக்கும் கட்டலாம். இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். ரவிக்கைக்கு ஆரி ஒர்க் என்று புடவை விலைக்குச் சமமாகக் கேட்கிறார்கள், பெண்களும் கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்த ரவிக்கை உடம்புக்குச் சேராது. இதைச் சொன்னதற்கு அக்கா மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் கையில் மட்டும் சின்னதாக ஒரு வேலைப்பாடு போட்டுக்கொண்டாள். சரி, அவள் கல்யாணம், அவள் ஆசை.

போட்டோவுக்கு ஒருத்தர், வீடியோவுக்கு ஒருத்தர் போதும். ட்ரோன் வேண்டாம், பிளெக்ஸ் பேனரே வேண்டாம். பத்திரிகை நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் அச்சடித்து, மஞ்சள் குங்குமத்தோடு நேரில் வைத்தோம். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையோடு போனும் செய்தோம். போன் முக்கியம். படத்தை மட்டும் அனுப்பினால் யாரும் வர மாட்டார்கள், கோபம் மட்டும் வரும்.

இதெல்லாம் பெண் வீட்டு மிச்சத்துக்காகச் சொல்வது போலத் தெரியலாம். ஆமாம், அதற்காகத்தான் சொல்கிறேன். ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்று பேசிவிட்டு, நகையிலும் சீரிலும் அதை ஈடுகட்டச் சொல்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே இரண்டு வீட்டாரும் ஒரே நோட்டில் செலவை எழுதிப் பாதி பாதி என்று பிரித்துக்கொண்டால், எது தேவை எது தேவையில்லை என்பது தானாகப் புரிந்துவிடும். தன் பையிலிருந்து போகும்போதுதான் எல்இடி திரையின் விலை கண்ணுக்குத் தெரியும்.

கல்யாண அலைச்சலில் பலரும் மறந்துவிடும் ஒன்று பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், தாண்டினால் கூடுதல் கட்டணம். கோவில் ரசீதையும் ஒரு பத்திரிகையையும் அன்றைக்கே தனிக் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். மண்டபம் காலி செய்கிற அவசரத்தில் அந்த இரண்டும்தான் முதலில் காணாமல் போகும்.