இருட்டு இருட்டு என்கிறார்களே

சனிக்கிழமை எங்கள் நாடகம் முடிந்ததும் நடந்த கூத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வீடியோவும் சுற்றுகிறது. இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை நண்பர் ஒருவர், "பெரியவர் நியாயமாத்தானே கேட்டார்?" என்று அனுப்பியிருந்தார். சரி, பேசிவிடலாம்.

நாடகம் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அன்று கேட்டது: "ஏம்பா ஒரே இருட்டா இருக்கு? ஒண்ணும் புரியலையே. சொல்ல வந்ததை நேரா சொன்னா என்ன?" அரங்கமே சிரித்தது. மேடை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராகவே சொல்கிறேன். எங்கள் நாடகத்தில் ஏழு பேர் காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மேலே ஒரு தொட்டி. அதைப் பற்றி வாய் திறப்பவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார். இது எந்த ஊர் என்று தெரியவில்லையா? புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல் என்று 2022 டிசம்பரில் எல்லாப் பத்திரிகையிலும் நேராகத்தான் வந்தது. தலித் மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம். இதைவிட நேராக எப்படிச் சொல்வது? படித்தோம், சீ என்றோம், பக்கத்தைப் புரட்டினோம். அதனால்தான் ஐயா இருட்டு.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். சின்ன வயதில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதப் போர் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்துக்கு ஆயா என்னை இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி முழுக்கக் கூத்து. விடிந்தால் களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், வீடு நீளத்துக்கு. தொடையில் அடித்ததும் சிவப்பு கொட்டும், திரௌபதி கூந்தல் முடிவாள். ஆயா அழும். ஆயாவிடம் யாரும் போய், "இவ்வளவு சோகமா எதுக்கு, ரெண்டு காமெடி வெச்சிருக்கலாமே" என்று கேட்டதில்லை. கூத்தின் கோமாளி கட்டியங்காரன் காமெடி இருக்கிறதே என்பீர்கள். ஆயாவுக்குக் கதை முன்னாடியே தெரியும் என்றும் சொல்வீர்கள். அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டிக் கதையும் உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?

நவீன நாடகம் என்றாலே "புரியாது" என்பது ஒரு பழைய பல்லவி. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார், மறு வருடம் ஞாநி பரீக்ஷா குழுவைத் தொடங்கினார். அவர்களும் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாடகம் போட்டார்கள். நேராகப் பேசு என்கிறவர்களுக்கு இன்னொன்று: 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று, நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொன்னது. ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. யாழ்ப்பாணத்தில் 1985இல் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கத்திடம் போய், "நேரா சொல்லுங்க சார்" என்றிருப்பீர்களா?

"அது போர்க்காலம், உங்களுக்கு என்ன கேடு?" என்று ஒருவர் கமென்டில் வருவார். வரட்டும். அவருக்குப் பதில் இல்லை.

"உங்களுக்கு மக்கள் வேண்டாம், பத்து அறிவுஜீவி போதும்" என்று இன்னொருவர். மக்கள் வேண்டாம் என்றா வேலை முடிந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் ஐந்து மாதம் ஒத்திகை பார்த்தோம்? நாடகத்தில் நடித்த பெண் ஒருத்தி சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டு வந்தாள். ஹால் வாடகைக்கு என் பைக் போனது. அன்றைக்கு வந்தவர்கள் 62 பேர், அதில் 30 பேர் ஓசி பாஸ். பெரியவரும் ஓசிதான். சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

இருட்டாக இருக்கிறது என்கிறாரே, இரண்டாம் காட்சி முழுக்க மேடையில் விழுந்த வெளிச்சத்தில் பாதி அவருடைய செல்போனிலிருந்து வந்தது. அதற்கும் நான் டிம்மரில் ஈடுகட்டினேன்.

எங்கள் நாடகத்தில் குறை இல்லையா? இருக்கிறது. மூன்றாம் காட்சி இழுவை, பத்து நிமிடம் வெட்ட வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஆனால் மூன்றாம் காட்சியின்போது நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள் ஐயா, கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.