முழு வசனத்தையும் வாசிங்க

அண்ணாச்சி, சபை போதகரான ஐயரே சொன்னாலும் வேதத்த, அதாவது பைபிள, தொறந்து சரிபாருங்கன்னு நீங்க எழுதுனது ரொம்ப சரி. நாசரேத் பக்கம் எங்க ஊர் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துல வெளியூர் பிரசங்கியார் ஒருத்தர் மாற்கு 10:30 வசனத்த சொல்லி காணிக்கை போட்டா நூறு மடங்கு திரும்பி வரும்னு அடிச்சு பேசுதாரு, பக்கத்துல இருந்த பெரியம்மா பெரிய எழுத்து பைபிள்ல விரல வச்சு 29ஆம் வசனத்துல இருந்து வாசிச்சு காட்டுனாவ, அங்க சுவிசேஷத்துக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டவங்கள பத்தித்தான் இருக்கு, காணிக்கைய பத்தி பேச்சே இல்ல, "துன்பங்களோடேகூட"ன்னு வேற இருக்கு, அத அவரு சொல்லவே இல்ல. அப்போஸ்தலரான பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரங்க தினமும் வேதத்துல ஆராய்ஞ்சு பாத்தாங்க, அப்போஸ்தலர் 17:11ல அவங்கள பாராட்டித்தான் எழுதியிருக்கு. அப்புறம் நம்ம பிள்ளைக கேள்வி கேட்டா மட்டும் ஏன் விசுவாசம் இல்லன்னு வாய அடைக்காவ? வாலிபர் கூட்டத்துல இதையே பாடமா எடுக்கணும் அண்ணாச்சி.