அந்தம்மா கேட்டதில் என்ன தப்பு?

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை இனி நான் விளக்க வேண்டியதில்லை. வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றி, மீம் வரைக்கும் வந்துவிட்டது. "ஏசி கிளாஸில் ஏர் ப்யூரிஃபையர் வைக்க முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில்: "மேடம், கொரோனா போய் ரொம்ப நாளாச்சு." ஹாலே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த வாரம் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதினார்கள் என்று எங்கள் கிளாஸ் குரூப்பைப் பார்த்தாலே தெரியும்.

அந்தம்மா கேட்டதில் என்ன தப்பு?

ஏசி வகுப்பு என்று சொல்லித்தான் கூடுதல் ஃபீஸ் வாங்குகிறார்கள். சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடும். நாற்பது பிள்ளைகள், மூடிய ஜன்னல், குளிர் போகாமல் இருக்கக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வேறு. இதற்கு நடுவே முழு வருகைக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். நாமும் காலையில் பாராசிட்டமால் சிரப் ஊற்றி வேனில் ஏற்றிவிடுகிறோம். மருந்தின் வேகம் குறைகிற மதிய நேரத்துக்குச் சரியாக டீச்சரிடமிருந்து போன் வருகிறது.

பள்ளி விளம்பரத்தில் ஆர்.ஓ. தண்ணீர் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பிள்ளை அங்கே குடிப்பது ஒரு பாட்டில் தண்ணீர். சுவாசிப்பது இரண்டாயிரம் லிட்டர் அளவுக்குக் காற்று. தண்ணீரைச் சுத்தம் செய்வது அக்கறை, காற்றைச் சுத்தம் செய்யச் சொன்னால் பைத்தியமா?

"ஜன்னலைத் திறந்தால் போதுமே" என்று கமெண்ட் போட்டவர்களுக்கு: போதும். தாராளமாகப் போதும். நான் படித்த அரசுப் பள்ளியில் ஜன்னலுக்குக் கதவே கிடையாது. உயரமான ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் காற்று, மழை பெய்தால் கடைசி பெஞ்ச் நனையும். அங்கே ப்யூரிஃபையர் கேட்டால் நானே சிரிப்பேன். ஜன்னலை அடைத்தது யார்? அடைத்தவர்கள்தானே வழி சொல்ல வேண்டும்?

"வைரஸ் ஃபில்டர் ஓட்டையைவிடச் சின்னது, எப்படிப் பிடிக்கும்?" என்று ஒரு இன்ஜினியர் அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, வைரஸ் தனியாகச் சிறகு முளைத்துப் பறப்பதில்லை. மூச்சிலும் இருமலிலும் வரும் நுண்துளிகளில் ஏறித்தான் மிதக்கிறது. அப்புறம், ஹெப்பா ஃபில்டர், அதாவது ப்யூரிஃபையருக்குள் இருக்கும் நெருக்கமான இழை வடிகட்டி, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் என்பது அதற்கு மிகக் கஷ்டமான அளவில் வைக்கிற பரீட்சை. அதைவிடச் சின்னது தாறுமாறாக அலைந்து இழையில் மோதி இன்னும் சுலபமாகவே மாட்டும். சல்லடை மாதிரி வேலை செய்யும் பொருள் இல்லை அது.

கொரோனா காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே ட்விட்டரில் அடித்துச் சொன்னது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக மாற்றிக்கொண்டது. 1941-லேயே அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிகளில் தட்டம்மை பரவியபோது, வகுப்பறையின் மேல்பகுதிக் காற்றைப் புற ஊதா விளக்கால் சுத்தம் செய்து, தொற்று குறைவதை வெல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார். இந்த அம்மா புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

"பள்ளிகளில் சான்று எங்கே?" சரி, நியாயம். பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்து ஸ்மார்ட் போர்டு வாங்கியபோது இதே ஆட்கள் சான்று கேட்டார்களா? ப்யூரிஃபையரால் சத்தம் வரும் என்கிறார்கள். வரும். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு மாதம் டிரம் அடிக்கிறார்களே.

செலவுக்கு வருகிறேன். எங்கள் வகுப்பறை 24-க்கு 20 அடி, உயரம் 10. மொத்தம் 4,800 கன அடி. மணிக்குக் குறைந்தது 5 முறை காற்று மாறும் அளவுக்குச் சுத்தமாக வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் சொன்னது. அந்தக் கணக்குக்கு வீட்டில் வைக்கிற மெஷின் இரண்டு போதும். 'அயனி', 'பிளாஸ்மா' ஜாலமெல்லாம் வேண்டாம், விசிறியும் ஹெப்பா ஃபில்டரும் இருந்தால் சரி. அமெரிக்காவில் நாலு ஃபில்டரைச் சதுரமாக ஒட்டி மேலே மின்விசிறி வைத்து, கோர்ஸி-ரோசன்தால் பெட்டி என்று பள்ளிப் பிள்ளைகளே செய்கிறார்கள். நாற்பது வீட்டுக்குப் பகிர்ந்தால் ஒரு பிறந்தநாள் கேக் காசுகூட வராது.

"மண்ணில் விளையாடினால் எதிர்ப்புச் சக்தி வரும், இந்தக் காலத்து அம்மாக்கள் ஓவர்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அதுக்கு இருநூறு லைக். ஐயா, என் மகனும் மண்ணில்தான் விளையாடுகிறான். மண் வேறு, பக்கத்து பெஞ்ச் இருமல் வேறு. அவனுக்கு வீசிங் உண்டு. சாதாரணச் சளிதான், ராத்திரி ஒரு மணிக்கு விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் புகைக்குள் அவன் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுநாள் ஆபீசில் லீவு கேட்கும்போது மேனேஜர் பார்க்கிற பார்வை தனி. அந்த லீவு எந்த அப்பா கணக்கிலும் கழியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். அதே கேள்வியை டை கட்டிய ஒரு அப்பா கேட்டிருந்தால் "நல்ல சஜஷன் சார்" என்று குறித்துக்கொண்டிருப்பார்கள். மீம் வந்திருக்குமா?

நேற்று நாங்கள் சில பெற்றோர் போய், எங்கள் செக்‌ஷனுக்கு நாங்களே வாங்கித் தருகிறோம், ஃபில்டரும் நாங்களே மாற்றுகிறோம் என்றோம். முடியாதாம். ஒரு செக்‌ஷனுக்கு வைத்தால் மற்ற செக்‌ஷன் பெற்றோரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

கேட்கட்டுமே, சார்.